நான்கு மாடல்களும் ஒத்துப்போன வாரம்

மழை வருமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும். வரும், அல்லது வராது. ஐரோப்பா வரும் என்கிறது, அமெரிக்கா கொட்டித் தீர்க்கும் என்கிறது, ஜெர்மனி சாயங்காலத்துக்கு மேல்தான் என்கிறது, நம் நாட்டு வானிலை மாடல் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று நான் ஆரம்பித்தால் பாதியிலேயே அவர்கள் முகம் மாறிவிடும். சரி, எதற்கும் குடையை எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விடுவார்கள். எதற்கும் குடை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும். வீட்டிலும் கம்பெனியிலும் அது எல்லாருக்கும் தெரியும்.

நான் வானிலை படித்தவள் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தெற்கே கரிசல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேசையில் விரித்து, உள்ளும் புறமும் பார்த்து, மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பாஸ். பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் ஆல்டர். எதற்கும் ஆகாது என்றால் ரிஜெக்ட். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்வது, அளவு டேப்பைத் தொடுவதற்கு முன் லேபிளைப் படி என்பதுதான். மீடியம் பீஸை லார்ஜ் அளவில் வைத்துப் பார்த்தால் நல்ல பீஸும் ரிஜெக்ட் ஆகிவிடும். இதை நான் சொல்லும்போது என் குரல் வாசல் வரைக்கும் கேட்கும் என்று என் கணவர் கேலி செய்வார். அவரும் அதே கம்பெனியில்தான் கட்டிங் பிரிவில் இருக்கிறார்.

மாடல்கள் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு புயலால். சில வருஷங்களுக்கு முன் தெற்குக் கரையை நோக்கிப் புயல் வருகிறது என்றார்கள். ஊரில் அம்மா தனியாக இருந்தாள். காலையிலிருந்து போன் போகவில்லை. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆபீஸ் பெண் ஒருத்தி தன் போனில் காற்றுப் படத்தைத் திறந்து காட்டினாள். பிறகு அதே செயலியை என் போனிலும் இறக்கி, படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கண்மாய்க்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள். புள்ளிக்கு ஒரு பெயர் கேட்டது. ‘அம்மா வீடு’ என்று போட்டேன். புயல் வேறு பக்கம் போய்விட்டது. புள்ளி அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு என்னால் அதை விட முடியவில்லை. வானம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு நாட்டுக் கம்ப்யூட்டரும் பூமியைத் தன் வசதிக்குக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, இன்றைக்கு இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வைத்து நாளைக்கு என்ன ஆகும், ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்குத்தான் மாடல் என்று பெயர். நாளைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகச் சொல்லும். நான்காம் நாளில் விலக ஆரம்பிக்கும். ஏழாம் நாளில் ஒன்று வெயில் என்னும், இன்னொன்று வெள்ளம் என்னும். நான்கு மாடல்களையும் அடுத்தடுத்த வரிசையில் காட்டும் ஒப்பீட்டுப் பக்கம் ஒன்று செயலியில் உண்டு. காலையில் பால் காயும்போது ஒருமுறை, வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் ஒருமுறை அதைப் பார்ப்பேன்.

பழகப் பழக ஒவ்வொன்றின் குணமும் பிடிபட்டது. ஐரோப்பா நிதானம், சொன்னதை லேசில் மாற்றாது, ஆனால் சாயங்கால இடிமழையைக் கோட்டை விட்டுவிடும். அமெரிக்காவுக்குப் பதற்றம் அதிகம்; பத்து நாள் முன்பே வங்காள விரிகுடாவில் ஒரு புயலைக் கிளப்பி, எட்டாம் நாளில் அதை ஆந்திராவுக்கு அனுப்பி, ஐந்தாம் நாளில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். ஜெர்மனி அளவில் கஞ்சம், நேரத்தில் கெட்டி. நம் நாட்டு மாடல் தாமதமாக வரும். வந்தால் சில நாள் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். படத்தில் நேரமெல்லாம் லண்டன் கணக்கு. அங்கே பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை ஐந்தரை என்று நான் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்கத் துவைத்த துணி நனைந்தது.

கம்பெனியில் தூக்கிப்போட்ட ரிப்போர்ட் நோட்டு ஒன்றில் நான்கு பத்தி போட்டேன். மாடியில் கூரையில்லாத ஓரத்தில் நேரான டப்பா ஒன்றை வைத்து, விழுந்த மழையை ஸ்கேலால் அளந்து, ஒவ்வொரு மாடலுக்கும் பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் எழுதினேன். ஐந்தாவது பத்தி அம்மா வீட்டுக்கு. அங்கே டப்பா கிடையாது, அம்மாதான். இன்றைக்கு உங்களுக்கு மழை என்று போனில் சொன்னால், எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்னையும் காணுமே தாயி, ஒம் போனு பொய் சொல்லுது” என்பாள். சொன்னபடி பெய்துவிட்டால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள், தூறல்தான் என்பாள். போன கார்த்திகையில் அம்மா போய்விட்டாள். அதிலிருந்து அந்தப் பத்தி காலி. புள்ளியை மட்டும் எடுக்கவில்லை. செயலியைத் திறந்தால் முதலில் அம்மா வீடுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு விரலால் தட்டித் திருப்பூருக்கு வருவேன். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மழை வருகிறதா என்று பார்ப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நாங்கள் குடியிருப்பது தாராபுரம் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு வீட்டின் பின் போர்ஷன். முன் போர்ஷனில் வீட்டுக்கார அக்கா. திருப்பூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனியாள். எங்கள் தலைக்கு மேல் மாடியில் எட்டு தையல் மெஷின் போட்டுப் பவர் டேபிள் நடத்துகிறார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்னக் கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். கூரை பழைய சிமெண்ட் சீட். பத்து இடத்தில் ஒழுகும். முதல் துளி விழுந்ததும் எட்டுப் பெண்களும் தையலை அப்படியே விட்டுவிட்டு, ஆளுக்கொரு பாலிதீனை எடுத்து மெஷின் மேல் போர்த்துவார்கள். மழை நின்றதும் மடித்து மெஷினுக்கு அடியில் செருகிக்கொள்வார்கள். அந்தப் பாலிதீனும் அவர்களுக்கு ஊசி, கத்தரி மாதிரி ஒரு சாமான்.

புரட்டாசியில் வேலை கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். சிமெண்ட் சீட்டை எடுத்துவிட்டுத் தகரத்தில் கலர் சீட் போட்டாக வேண்டும், தீபாவளி லீவு முடிந்து திறக்கும் அன்று வந்து பார்ப்பேன், இல்லாவிட்டால் இனி இங்கே பீஸ் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா என் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார்.

“எட்டுப் பேரையும் அனுப்சிட்டு நான் மட்டும் மேல போயி என்ன பண்றதுங் கண்ணு” என்றார்.

கூரையை மாற்றத் தீபாவளி லீவை விட்டால் வேறு நாள் இல்லை. வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் திருப்பூரில் மெஷின்கள் நிற்கும். தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். நடு ரோட்டில் நின்று பேசலாம். ஆனால் அதுதான் ஐப்பசி, மழைக்காலத்தின் நடுப்பகுதி. அவிநாசிபாளையத்திலிருந்து வந்த வெல்டிங் பட்டறைக்காரர், முழுசாக இரண்டு காய்ந்த நாள் வேண்டும் என்றார். ஒரு நாள் பழசைப் பிரித்துச் சட்டம் பற்றவைக்க, மறுநாள் புதுச் சீட் ஏற்ற. அவரிடம் இருந்த மூன்று ஆட்களும் ஒடிசாக்காரர்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போகாதவர்கள். எந்த இரண்டு நாள் என்று அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன். குடை எடுத்துக்கொள்வதற்காக இல்லாமல், முதல்முறையாக ஒருவர் ஒரு காரியத்துக்காக என்னைக் கேட்டார்.

தீபாவளி திங்கட்கிழமை. அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை என்பதால் எங்களுக்குப் பண்டிகை இல்லை, நாங்கள் ஊருக்கும் போகவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையிலிருந்து என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளோடு பஸ்ஸில் போகிறோம், அங்கே மழையா, வெடி வெடிக்க முடியுமா என்று. அதனால் ஒப்பீட்டுப் பக்கத்தைத் தெற்குப் பக்கமே வைத்திருந்தேன். ஞாயிறு மாலை அக்கா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னங் கண்ணு சொல்லுது என்று கேட்டார். பக்கத்தைப் பார்த்தேன். வியாழனும் வெள்ளியும் நான்கு வரிசையிலும் சுத்தமாக வெயில். ஐரோப்பா, அமெரிக்கா, ஜெர்மனி, நம் நாடு, நான்கும் ஒரே குரல். நான்காம் நாளில் நான்கும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“வியாழன், வெள்ளி. மழை வராது” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் ஒற்றைச் சொல் பதில் அது.

அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு நான் மூடவே இல்லை. காலையும் மாலையும் விரலால் கீழே இழுத்துப் புதுப்பித்துக்கொண்டேன். நான்கும் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் சந்தில் அரை மணி நேரம் மழை பெய்தது. நான்கும் வெயில் என்று சொல்லியிருந்த நாள் அது. நோட்டில் நான்குக்கும் வரிசையாக ரிஜெக்ட் போட்டுவிட்டு, இது ஒரு கட்டத்துக்குள் அடங்காத சில்லறை மழை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை பட்டறைக்காரர் வந்து, எதற்கும் மெஷினையும் துணிக்கட்டுகளையும் கீழே இறக்கி வைத்துவிடலாமே என்றார். படி குறுகல், பெண்கள் எல்லாரும் ஊரில், இறக்க ஆளில்லை. மூலையில் தள்ளி வைத்தால் போதும், நான்கு மாடலும் ஒத்துப்போய்விட்டது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். கட்டுகளில் இருந்தது குழந்தைகளுக்கான இளமஞ்சள் துணி, லீவு முடிந்ததும் தைத்துத் தர வேண்டியது.

வியாழன் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மத்தியானத்துக்குள் பழைய சீட் முழுவதையும் இறக்கிவிட்டார்கள். மாடி திறந்து கிடந்தது. ஒரு மணிக்கு, அம்மா ஊருக்கு அடுத்த ஊரில் இருக்கும் அண்ணன் போன் செய்தான். அம்மாவின் வருஷத் திதி எந்த நாளில் வருகிறது என்று சொல்லிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் மழையைப் பற்றி அலுத்துக்கொண்டான்.

“இங்க வாரமா சொட்டுத் தண்ணி இல்ல தாயி. வெயிலு மண்டையப் பொளக்கு. வெதச்ச சோளம் வாடிக் கெடக்கு.”

அவன் சொன்னது நான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தை அப்படியே வாசித்தது போல இருந்தது. போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மேலே, சின்ன எழுத்தில், நான் தினமும் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன அந்தப் பெயர் இருந்தது. அம்மா வீடு. திருப்பூரைத் தட்டினேன். வியாழக்கிழமைக்கு மூன்று வரிசையில் மழையின் நீலம். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் அடர்த்தியாக. நமக்கு மாலை ஐந்தரை. லேபிளைப் படி என்று இருபது வருஷமாக ஊரைக் கூட்டிச் சொன்னவள், இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் வானத்தைப் பார்த்து, இங்கே ஒருவருடைய கூரையைப் பிரிக்கச் சொல்லியிருந்தேன்.

மாடிப்படி ஏறினேன். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மாடல் திடீரென்று மாறிவிட்டது என்றால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். மாடியில் அக்கா ஒடிசாக்காரர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மோர்ச் சொம்பைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

“அக்கா, நான் சொன்னது தப்பு. எங்க ஊரு வானத்தப் பாத்துட்டு உங்களுக்குச் சொல்லிட்டேன். இங்க சாயங்காலம் அஞ்சரைக்கு மழை வருது.”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கிழக்கே பார்த்தார். அங்கே அப்போதுதான் மேகம் தலைதூக்க ஆரம்பித்திருந்தது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மணி இப்ப என்ன” என்றார்.

ஒன்றே கால் என்றேன்.

“அப்ப நாலு மணி நேரம் இருக்குதுங் கண்ணு. கட்டுகள மொதல்ல எறக்கலாம், வா.”

இறக்கினோம். என் கணவர், பட்டறைக்காரர், மூன்று ஒடிசாக்காரர்கள், அக்கா, நான். என் கணவருக்குக் கம்பெனியில் பொறுக்கிய இந்தி நாற்பது வார்த்தை தெரியும். அதில் மழை என்ற வார்த்தையும் மெதுவாக என்ற வார்த்தையும் இருந்தது, அது போதுமாக இருந்தது. துணிக்கட்டுகள் என் சமையலறைக்குள் போயின. மெஷினின் மேல்பாகத்தை மேசையிலிருந்து தனியாகக் கழற்றலாம்; இரண்டு பேர் தூக்கினால் படியில் வரும். எட்டையும் கழற்றி இறக்கிக் கட்டில் மேலும் கட்டிலுக்கு அடியிலும் வைத்தோம். மேசைகளையும் மோட்டார்களையும் எட்டுப் பெண்களின் பாலிதீன்களால் சுற்றி, சந்து முனையில் கட்டியிருந்த தீபாவளித் தள்ளுபடி பேனரை என் கணவர் அவிழ்த்து வந்து அதன் மேல் கட்டினார். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு மழை வந்தது. இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. அந்த நிலையிலும் ஆல்டர் என்று மனம் எழுதிக்கொண்டது.

என் இரண்டு அறைக்குள் ஏழு பேரும் எட்டு மெஷினும் நின்றோம். தலைக்கு மேல் காரைத் தளத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு கட்டுகூட நனையவில்லை என்று அக்கா எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம், பயம், நிம்மதி எல்லாம் சேர்ந்து வந்த அழுகை. அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். என் கணவருக்கே அது முழுசாகத் தெரியாது. அக்கா கட்டிலில் இரண்டு மெஷினுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து, டீ போடு என்றார்.

இனி என் வாயிலிருந்து மழை என்ற சொல்லே வராது என்று முடிவு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பால் காயும்போது அக்கா வந்து அதே இடத்தில், என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் போனைத் தொடவில்லை. வேறு யாரையாவது கேளுங்கள் அக்கா என்றேன்.

“வேற யாரக் கேக்கறது. எடு. எந்த ஊருன்னு படி மொதல்ல” என்றார்.

திருப்பூர் என்று படித்தேன். வெள்ளி மாலையும் மழை. சனிக்கிழமை மூன்று மாடல் வெயில், ஜெர்மனி மட்டும் காலையில் லேசாகச் சிணுங்கும் என்றது. ஞாயிறு வந்ததும் சண்டை. அமெரிக்கா மத்தியானத்திலிருந்தே கொட்டும் என்றது. ஜெர்மனி நான்கு மணிக்கு மேல் என்றது. ஐரோப்பா மழையே இல்லை என்றது. நம் நாட்டு மாடல் வழக்கம்போல வரவில்லை. நோட்டைப் பிரித்து, இந்த மாதம் நேரத்தைச் சரியாகச் சொன்னது எது என்று எண்ணினேன், ஜெர்மனிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை நான்குக்கும் போட்ட ரிஜெக்ட்டை முதலில் அடித்தேன், பாவம் அவை தப்பே செய்யவில்லை. எதையும் மறைக்காமல் நான்கையும் சொன்னேன். எது தெரியும், எது தெரியாது என்பதையும் சொன்னேன். அக்கா முகம் மாறாமல் கடைசி வரைக்கும் கேட்டார். அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப சனிக்கெழம முழுசா நம்மளது. ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் நம்மளது. அதுக்கு மேல அதுங்களோடது” என்றார். பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, இரண்டு நாளை ஒன்றரை நாளாகச் சுருக்க முடியுமா, இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்களா என்று கேட்டார். கிடைத்தார்கள்.

சனிக்கிழமை ஜெர்மனி சொன்ன சிணுங்கல்கூட இல்லை. பொழுது சாய்வதற்குள் சட்டம் நின்றுவிட்டது. ஞாயிறு வெளிச்சம் வந்ததும் சீட் ஏற்ற ஆரம்பித்தார்கள். பதினோரு மணிக்கு மேல் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரைக்குக் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்கள். நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மழை வந்தது. அக்காவும் நானும் புதுக்கூரைக்கு அடியில் காலி மேசைகளுக்கு நடுவில் நின்றோம். தகரச் சீட்டில் மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அக்கா தரை முழுக்க நடந்து, குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்தார். ஒரு சொட்டு இல்லை. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். நான் சந்தோஷமாக இருந்தேன்.

மழை கொஞ்சம் அடங்கியதும், “உங்கண்ணனூர்ல சோளம் வாடுதுன்னியே, அங்க பாரு கண்ணு” என்றார். போனை எடுத்தேன். “எந்த ஊருன்னு படி” என்றார், சிரித்துக்கொண்டே.

அம்மா வீடு என்று படித்தேன். அந்த இரண்டு சொல்லை அழாமல் வாய்விட்டுச் சொல்லிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை மாலை அங்கே மழை என்று மூன்று மாடல்கள் சொல்லின. அண்ணனுக்குப் போன் செய்தேன். பார்ப்போம் என்றான், நம்பிக்கையில்லாமல். மறுநாள் பொழுதிறங்கும் நேரத்தில் அவனே கூப்பிட்டான். பின்னால் ஓட்டின் மேல் மழை அறைவது இங்கே வரைக்கும் கேட்டது. அம்மா வீட்டு ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டானாம்.

“வந்துட்டு தாயி. ஆனா தூறல்தான்” என்றான்.

அம்மா சொன்னது போலவே சொன்னான். நான் சிரித்தேனா அழுதேனா என்று என் கணவர் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. நோட்டில் ஐந்தாவது பத்தியில் பாஸ் என்று எழுதினேன்.

புதன்கிழமை கம்பெனிக்காரர் வந்தார். மேலே பார்த்தார், தட்டிப் பார்த்தார், சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குப் போயிருந்த எட்டுப் பெண்களும் வந்து மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கம்பெனி திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்ததால் நானும் மாடியில் இளமஞ்சள் பீஸ்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மழை என்று காலையிலேயே அக்காவிடம் சொல்லியிருந்தேன், திருப்பூர் என்று படித்துக் காட்டிவிட்டுத்தான். மூன்றுக்குக் கொஞ்சம் மேல் முதல் துளி தகரத்தில் விழுந்தது. எட்டுப் பேரும் சொல்லிவைத்தது போலத் தையலை நிறுத்திவிட்டு, குனிந்து, மெஷினுக்கு அடியில் கையை விட்டுப் பாலிதீனைத் தேடினார்கள். அது அங்கே இல்லை. அக்கா அவற்றையெல்லாம் மடித்து என் வீட்டுப் பரண் மேல் போட்டிருந்தார். ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், மெஷின்கள் திரும்பவும் ஓட ஆரம்பித்தன.